பட்டா இல்லாதவருக்கு நெடுஞ்சாலையில் என்ன இருக்கிறது?

2020-21ஆம் நிதியாண்டில் இந்தியாவில் 13,327 கிலோமீட்டர் தேசிய நெடுஞ்சாலை போடப்பட்டது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 37 கிலோமீட்டர். இந்த 37 என்ற எண்ணை ஒன்றிய அமைச்சர்கள் போகும் மேடையெல்லாம் சொன்னார்கள். அதே நிதியாண்டின் தொடக்க மாதங்களில்தான் புலம்பெயர் தொழிலாளர்கள் இதே நெடுஞ்சாலைகளில், குழந்தையைத் தோளிலும் மூட்டையைத் தலையிலும் வைத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தார்கள். அப்படிப் போனவர்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்று 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அப்படியொரு கணக்கு எங்களிடம் இல்லை என்றது தொழிலாளர் அமைச்சகம்.

போட்ட தாருக்கும் சிமெண்டுக்கும் கிலோமீட்டர் கணக்கு இருக்கிறது. அதன்மேல் நடந்து செத்தவர்களுக்குக் கணக்கு இல்லை. இதை நிர்வாகக் குளறுபடி என்று எழுதிவிட்டுப் போவது எளிது. ஆனால் நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்கும் சட்டத்தை எடுத்துப் படித்தால், சாலை வரைபடத்தை விரித்துப் பார்த்தால், கூலிக்காரர்களை எண்ணாமல் விடுவது அந்த ஒரு வருடத்து விபத்து அல்ல என்பது தெரியும். அது முறைப்படி, பிரிவு வாரியாக, அரசிதழில் வெளியிட்டுச் செய்யப்படுகிறது.

தமிழ்நாட்டில் நெடுஞ்சாலை அரசியல் என்றால் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது சென்னை - சேலம் எட்டுவழிச்சாலை. 2018 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. பாரத்மாலா திட்டத்தின் கீழ் 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று ஐந்து மாவட்டங்கள். சுமார் 1,900 ஹெக்டேர் நிலம். வயலில் கல் நட்டார்கள், பிடுங்கி எறிந்தார்கள், மீண்டும் நட்டார்கள். முகநூலில் எழுதியவர், துண்டறிக்கை கொடுத்தவர், ஊர்க்கூட்டத்தில் பேசியவர் எல்லாரையும் அன்றைய எடப்பாடி அரசு கைது செய்தது. 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் முதற்கட்ட அறிவிக்கை செல்லும் என்றது; ஆனால் அரசு தன் பெயருக்கு மாற்றிக்கொண்ட வருவாய்ப் பதிவுகளை மீண்டும் உரிமையாளர் பெயருக்கே மாற்ற வேண்டும் என்றும் உத்தரவிட்டது. சாலை வரவில்லை. அது போராடிய மக்களின் வெற்றி. அந்தப் போராட்டம் நியாயமானது என்பதில் எனக்கு எந்த மனத்தடையும் இல்லை.

என் சண்டை அந்தப் போராட்டத்தைப் பற்றி நாம் பேசிய மொழியோடு. அந்த இரண்டு ஆண்டுகளில் வந்த ஒளிப்படங்களை, மீம்களை, கவிதைகளை நினைத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே ஆள்தான்: விவசாயி. தலையில் துண்டு, கண்ணில் நீர், காலடியில் அவருடைய மண். 'நம் சோற்றில் மண்ணைப் போடுகிறார்கள்' என்று நகரத்து இளைஞர்கள் பதிவிட்டார்கள். ஒரு பக்கம் அரசு சொல்லும் 'தேசம்', மறுபக்கம் நாம் சொல்லும் 'விவசாயி'. இந்த இரண்டுக்கும் நடுவில் நடவு நடும், களை எடுக்கும், கதிர் அறுக்கும், கரும்பு வெட்டும் கூலிக்காரர் எங்கே போனார்? அவர் அந்த மண்ணில் முப்பது வருடம் வேலை செய்தவர். அது 'அவருடைய மண்' இல்லை என்ற ஒரே காரணத்தால் அவர் சுவரொட்டியில் இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. வேளாண் கணக்கெடுப்பின்படி அவர்கள் கையில் இருக்கும் சாகுபடிப் பரப்போ 9 விழுக்காட்டுக்கும் குறைவு. தமிழ்நாட்டில் நாம் ஐந்தில் ஒரு பங்கு. நம்மில் நிலம் வைத்திருப்பவர்கள் இல்லாமல் இல்லை. எட்டுவழிச்சாலையில் தன் அரை ஏக்கரைக் காக்கக் கல்லைப் பிடுங்கிய தலித்துகளும் உண்டு. ஆனால் பெரும்பாலோர் வயலுக்குக் கூலியாகப் போகிறவர்கள். இதை ஊருக்குள் சொன்னால் 'போராட்டத்தைப் பிரிக்காதே' என்பார்கள். 2012 நவம்பர் 7 அன்று அதே தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளை ஒரு காதல் திருமணத்துக்காகக் கொளுத்தினார்களே, அன்று யார் யாரைப் பிரித்தது? 'நாடகக் காதல்' என்று மாவட்டம் மாவட்டமாகப் பிரச்சாரம் செய்த கட்சியின் தலைவர்தான் எட்டுவழிச்சாலைக்கு எதிராக நீதிமன்றம் போன முக்கிய மனுதாரர்களில் ஒருவர். தீர்ப்பு வரும் முன்பே, நிலம் எடுத்த அதே அரசை நடத்திய அ.தி.மு.க.வோடு அந்தக் கட்சி கூட்டணியும் சேர்ந்துகொண்டது. மண்ணைக் காப்பதற்கும் மண்ணில் வேலை செய்பவரைக் காப்பதற்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை இதைவிட நன்றாக யாராலும் காட்ட முடியாது.

என் தாத்தா வட மாவட்டம் ஒன்றில் வாரத்துக்குப் பயிர் வைத்தவர். நான் பள்ளியில் படிக்கும்போது அந்த வழியாக நான்குவழிச்சாலை வந்தது. நிலத்துக்காரருக்குக் காசோலை வந்தது. அவர் பக்கத்து டவுனில் மனை வாங்கி, கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டிக்கொண்டு போய்விட்டார். தாத்தா வேலை தேடி ஒரு செங்கல் சூளைக்குப் போனார். "உனக்கு ஒண்ணுமே தரலையா தாத்தா?" என்று கேட்டேன். "நெலம் ஆண்டையோடது, காசு அவருக்கு. எனக்குப் போனது வேலைதானே. வேலைக்கு ஏதுடா பட்டா?" என்றார். அந்த வயதிலும் 'ஆண்டை' என்றுதான் அவர் வாயில் வந்தது.

வேலைக்குப் பட்டா இல்லை என்பதை அப்போதைய சட்டமும் அப்படியே சொன்னது. 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தில் 1997இல் நில எடுப்புக்கென்றே தனிப் பிரிவுகளைச் சேர்த்தார்கள். வேகமாக எடுப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. நிலம் தேவைப்படுகிறது என்று 3ஏ அறிவிக்கை. ஆட்சேபம் சொல்ல 3சி பிரிவில் 21 நாள். 3டி அறிவிக்கை அரசிதழில் வந்த நொடியில் நிலம் எந்த வில்லங்கமும் இல்லாமல் ஒன்றிய அரசுக்குச் சொந்தம். பிறகு 3ஜி பிரிவில் இழப்பீடு நிர்ணயம். இந்த நடைமுறை முழுக்க ஓடுவது சர்வே எண்ணிலும் பட்டாவிலும். அதில் ஆள் வருவது உரிமையாளராகத்தான். குத்தகைச் சீட்டுகூட இல்லாமல் வாய்வார்த்தையில் வாரம் ஓட்டும் ஒருவர் அந்த 21 நாளில் எந்தக் காகிதத்தைக் காட்டி என்ன ஆட்சேபம் சொல்வார்?

2013இல் புதிய நில எடுப்புச் சட்டம் வந்தது. அதில் ஒரு முக்கியமான மாற்றம் இருந்தது. நம் இளைஞர்கள் பலருக்கு இது தெரியாது என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்பதற்கு அந்தச் சட்டம் தரும் வரையறையில் நிலமற்றவர்களும் வருகிறார்கள். நிலம் எடுக்கப்படுவதற்கு முந்தைய 3 ஆண்டுகள் அந்தப் பகுதியில் வேலை செய்து, அதையே முதன்மை வாழ்வாதாரமாகக் கொண்டிருந்த வேளாண் கூலித் தொழிலாளர், குத்தகைதாரர், வாரதாரர், கைவினைஞர் எல்லாரும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான். இரண்டாம் அட்டவணை அவர்களுக்கு என்ன தர வேண்டும் என்றும் சொல்கிறது: திட்டத்தில் வேலை உருவாகுமானால் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, அல்லது ஒரே தடவையாக 5 லட்சம் ரூபாய், அல்லது 20 ஆண்டுகளுக்கு மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாத தொகை. தாத்தாவின் கேள்விக்கு முதல் தடவையாகச் சட்டத்தில் ஒரு பதில் எழுதப்பட்டது.

எழுதிய கையோடு ஒரு கதவையும் சாத்தினார்கள். அந்தச் சட்டத்தின் 105ஆம் பிரிவும் நான்காம் அட்டவணையும் 13 சட்டங்களுக்கு விலக்கு தருகின்றன. தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் அதில் ஒன்று. இழப்பீடும் மறுவாழ்வு அட்டவணைகளும் 2015 முதல் நெடுஞ்சாலைகளுக்கும் பொருந்தும் என்று பின்னர் ஆக்கினார்கள். காகிதத்தில் அந்த 5 லட்சம் இன்று இருக்கிறது. ஆனால் சமூகத் தாக்க மதிப்பீடு நெடுஞ்சாலைக்குக் கட்டாயம் இல்லை. இது ஏதோ ஆய்வறிக்கை சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். திட்டத்தால் யார் யார் பாதிக்கப்படுவார்கள் என்று ஊரில் இறங்கிக் கணக்கெடுத்து, பொது விசாரணை வைத்து, நிலமற்ற குடும்பங்களையும் பதிவு செய்யும் இடம் அதுதான். அதை எடுத்துவிட்டால் கூலிக்காரருக்கு உரிமை இருக்கும், பெயர் இருக்காது. ரேஷன் உண்டு, ஆனால் கார்டு கிடையாது என்பது போல.

நிலத்துக்காரர் தன் இழப்பீடு குறைவு என்று வழக்குப் போடலாம். போட்டார்கள், வென்றார்கள். நெடுஞ்சாலைச் சட்டத்தில் எடுத்த நிலங்களுக்கும் ஆறுதல் தொகையும் வட்டியும் தர வேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்லது. எந்த அரசிதழிலும் பெயரே வராதவர் எந்த நீதிமன்றத்தில் போய் எதைக் குறைவு என்பார்?

இதற்கு மேலும் ஒரு அடுக்கு இருக்கிறது, அதுதான் பஞ்சமி நிலம். எட்டுவழிச்சாலை தொடங்க இருந்ததும், இப்போது பெங்களூரு - சென்னை விரைவுச்சாலை வந்து சேர்வதும் பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் மண்ணில். 1891இல் அந்த ஜில்லாவின் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், பறையர்கள் நிலமற்று இருப்பதற்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை, தரிசு நிலத்தைக்கூட அவர்கள் கேட்டு வாங்க முடியாதபடி மிராசுதாரர்கள் மறித்து நிற்பதே காரணம் என்று அரசுக்கு அறிக்கை அனுப்பினார். அதைத் தொடர்ந்து 1892இல் வந்த ஆணையால் ஒதுக்கப்பட்டவைதான் பஞ்சமி நிலங்கள். முதல் 10 ஆண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது; அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம். மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு. அவை இன்று யார் கையில் என்பது ஊரறிந்த ரகசியம். அதே செங்கல்பட்டில், 1994 அக்டோபரில், காரணைப் பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டவர்கள்மேல் காவல் துறை சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரை விட்டார்கள்.

இப்போது அந்த மண்ணில் ஒரு நெடுஞ்சாலை வருகிறது என்று வையுங்கள். சர்வே எண்ணுக்கு நேரே இன்றைய பட்டாதாரர் பெயர். பஞ்சமி நிலத்தை எண்பது வருடத்துக்கு முன் நாற்பது ரூபாய்க் கடனுக்கு எழுதி வாங்கியவரின் பேரன் அவர். 1980களில் நடந்த யு.டி.ஆர். கணக்கெடுப்பில் பதிவு அவர் வீட்டுப் பெயருக்கு மாறியிருக்கும். இழப்பீடு அவருக்குப் போகிறது. நிலமோ வில்லங்கம் ஏதுமின்றி ஒன்றிய அரசுக்கு. அந்த 'வில்லங்கம் ஏதுமின்றி' என்ற சொல்லில் 1892ஆம் ஆண்டின் நிபந்தனையும் சேர்ந்து புதைகிறது. தனியாரிடம் இருக்கும் வரைக்குமாவது 'இது டி.சி. நிலம், திருப்பிக் கொடு' என்று போராட ஒரு துண்டு மண் இருந்தது. அதன்மேல் தார் ஊற்றிய பிறகு எதைக் கேட்பது? அபகரித்தவருக்குச் சந்தை விலையும் ஆறுதல் தொகையும் கொடுத்து, அபகரிப்பையே அரசு சுத்தம் செய்து தருகிறது. 2019இல் 'அசுரன்' வந்தபோது ஒரு மாதம் எல்லாரும் பஞ்சமி நிலம் பேசினோம். திரையரங்கிலிருந்து படம் போனது, பேச்சும் போனது.

புறம்போக்கில் குடியிருப்பவர் கதை இன்னும் சுருக்கம். ஊருக்குள் இடம் தராததால் சாலையோரத்திலும் ஏரிக்கரையிலும் குடிசை போட்டவர்கள்தாம் நம்மில் பலர். 2002இல் வந்த தேசிய நெடுஞ்சாலைகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் அவர்களுக்கும் ஒரு பெயர் உண்டு: ஆக்கிரமிப்பாளர்.

சாலைக்கு நிலம் போனது ஒரு பாதி. போட்ட பிறகு அந்தச் சாலை யாருக்கு என்பது மறுபாதி. இந்த நாட்டில் சாலை என்பது எந்நாளும் சாதிப் பிரச்சினைதான். 1893இல் அய்யன்காளி திருவிதாங்கூரில் வில்லுவண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் போனதே கலகம். 1924 மார்ச் 30 அன்று தொடங்கிய வைக்கம் போராட்டம் கோயிலுக்குள் போவதற்காக அல்ல, கோயிலைச் சுற்றியிருந்த சாலைகளில் நடப்பதற்காக. பெரியார் சிறை போனது அதற்காக. அதே 1924இல் சென்னை மாகாணச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலையிலும் தெருவிலும் யார் வேண்டுமானாலும் நடக்கலாம் என்று அரசாணை வந்தது. நடப்பதற்கு ஒரு அரசாணை! அது வந்து நூறு வருடம் தாண்டிவிட்டது.

இன்றைய விரைவுச்சாலையில் நடக்கக் கூடாது. சைக்கிளில், டிராக்டரில், பைக்கில் போகக் கூடாது. பெங்களூரு - மைசூரு நெடுஞ்சாலையின் முதன்மைப் பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இரு சக்கர வண்டிகளுக்கும் ஆட்டோக்களுக்கும் டிராக்டர்களுக்கும் தடை. பாதுகாப்புக்காக என்கிறார்கள், அதில் உண்மையும் இருக்கிறது. 2022இல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் 61,038 பேர் தேசிய நெடுஞ்சாலைகளில். மொத்தச் சாலை நீளத்தில் இவற்றின் பங்கோ 2 விழுக்காடு அளவுதான். செத்தவர்களில் 44.5 விழுக்காடு இரு சக்கர வண்டியில் போனவர்கள், 19.5 விழுக்காடு நடந்து போனவர்கள். ஆகவே மெதுவாகப் போகிறவர்களை வெளியே நிறுத்திவிட்டால் பாதுகாப்பு என்று பொறியாளர் கணக்குப் போடுகிறார். வெளியே நின்றவர் எந்த வழியாகப் போவார்? சர்வீஸ் ரோட்டில். சர்வீஸ் ரோடு எங்கே? பாதி இடத்தில் முடிந்துவிடும், மீதி இடத்தில் லாரி நிற்கும்.

நெடுஞ்சாலையோரம் வளர்ந்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஊர் ஒரு பக்கம், காலனி மறுபக்கம். பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் பேருந்து நிறுத்தமும் ஊர்ப் பக்கம். நடுவில் ஆறு வழி. அடியில் போகும் சுரங்கப்பாதையை எங்கே வைப்பது என்பதைத் தீர்மானிக்கும் அன்று யாருடைய சொல் எடுபட்டிருக்கும்? ஊராட்சித் தலைவர் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மனு எழுதியிருப்பார்? அது ஊருக்கு நேரே வருகிறது. காலனிக்காரர்கள் ஒரு கிலோமீட்டர் சுற்றிப் போக வேண்டும். அல்லது மீடியனில் உடைந்த கம்பி வழியாகத் தாண்ட வேண்டும். விடியற்காலையில் நடவுக்குப் போகும் பெண்கள் சுற்றிப் போவார்களா, தாண்டுவார்களா? அடிபட்டால் மறுநாள் செய்தியில் 'அஜாக்கிரதையாகச் சாலையைக் கடந்த பெண்' என்று இருக்கும். விபத்துப் பட்டியலில் வயது உண்டு, பால் உண்டு, வாகன வகை உண்டு. சாதி இல்லை. சாலையின் எந்தப் பக்கம் யார் வீடு என்பது எந்த நெடுவரிசையிலும் இல்லை.

பேருந்தும் அப்படித்தான். காலனியில் நிற்காமல் போன பேருந்தை நிறுத்துவதற்காக எத்தனை ஊரில் சண்டை நடந்திருக்கிறது. இன்று ஓட்டுநர் வேண்டுமென்றே நிற்காமல் போக வேண்டியதில்லை. பைபாஸ் ரைடர் மேம்பாலத்தின் மேலே போகிறது, நாம் கீழே நிற்கிறோம். தீண்டாமைக்கு இப்போது ஆள் தேவைப்படவில்லை, வரைபடமே போதும்.

சாலையைப் போடுகிறவர்கள் யார் என்பதையும் மறக்க வேண்டாம். 2023 நவம்பர் 12 அன்று உத்தராகண்டில் சார்தாம் நெடுஞ்சாலைத் திட்டத்தின் சில்க்யாரா சுரங்கம் சரிந்து 41 தொழிலாளர்கள் 17 நாள் உள்ளே கிடந்தார்கள். புண்ணியத் தலங்களுக்குப் போகும் அந்தச் சாலையை முழுமையான சுற்றுச்சூழல் மதிப்பீடு தேவைப்படாதபடி 53 துண்டுகளாகப் பிரித்துப் போட்டார்கள் என்பது தனிக் கதை. கொண்டுவந்த பெரிய துளை எந்திரம் உடைந்து நின்றபோது, கடைசிப் பன்னிரண்டு மீட்டர் அளவை எலிவளை முறையில் கையால் குடைந்து அவர்களை மீட்டவர்கள், தில்லியில் பூமிக்கடியில் குழாய் பதிக்கப் பள்ளம் குடைந்து பிழைக்கும் இஸ்லாமியர்களும் தலித்துகளும். தேசமே மாலை போட்டது. மூன்று மாதம் கழித்து, 2024 பிப்ரவரியில், அவர்களில் ஒருவரின் தில்லி வீட்டை ஆக்கிரமிப்பு என்று சொல்லி தில்லி வளர்ச்சி ஆணையம் இடித்தது. மறுபடியும் அதே சொல்தான், கவனித்தீர்களா?

'அப்படியானால் உங்களுக்குச் சாலையே வேண்டாமா?' என்று ஒரு தோழர் நிச்சயம் கேட்பார். எங்களுக்குச் சாலை வேண்டும். மற்றவர்களைவிட அதிகமாக வேண்டும். கிராமத்தை ஏதோ சொர்க்கம் போலப் பாடிக்கொண்டு, ஏர் பிடித்த உழவனின் படத்தை முகப்பில் வைத்துக்கொண்டு சாலையை எதிர்க்கும் கூட்டத்தோடு நமக்கு உறவில்லை. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தை அடிப்படை அலகாக வைக்காமல் தனிமனிதரை வைத்ததற்காக மகிழ்கிறேன் என்று அண்ணல் அம்பேத்கர் பேசியதை வாசித்தவர்கள் நாம். ஊரை விட்டு வெளியேறும் சாலையில்தான் நம் தாத்தாக்கள் கோலாருக்கும் சென்னைக்கும் போனார்கள். கல்லூரிப் பேருந்து பிடித்து நம் அக்காக்கள் படித்தார்கள். அந்தச் சாலையில் ஏறுவதற்கு ஊர் முனையில் ஒரு நிறுத்தம் இருந்தது. இப்போது வரும் சாலையில் ஏற இறங்க இன்டர்சேஞ்சுக்குப் போக வேண்டும், அங்கே போகக் கார் வேண்டும். நம்மை வெளியே கொண்டுபோன சாலையையும் நம் தலைக்கு மேலே போகும் சாலையையும் ஒரே சொல்லால் அழைத்துவிட்டு 'வளர்ச்சி வேண்டுமா, வேண்டாமா' என்று கேட்பது ஏமாற்று.

இன்னொரு பக்கத்திலிருந்தும் ஒரு குரல் வரும்: 'முதலில் நிலம் எடுப்பதைத் தடுப்போம், கூலிக்காரர் கணக்கைப் பிறகு பார்ப்போம்.' இந்த 'பிறகு' நமக்குப் பழக்கமானது. முதலில் சுதந்திரம், பிறகு சாதி என்றார்கள். முதலில் வர்க்கம், பிறகு சாதி என்றார்கள். நில எடுப்பு எதிர்ப்புக் கூட்டத்தின் முதல் தீர்மானத்திலேயே நிலமற்ற குடும்பங்களின் பட்டியலைக் கேளுங்கள். மேடையில் கூலித் தொழிலாளிப் பெண் ஒருவர் நடுவில் உட்காரட்டும், ஓரத்தில் வேண்டாம். அதற்கு ஒப்பாத சங்கத்தின் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கும் வேலையை நம் பிள்ளைகள் செய்ய வேண்டியதில்லை.

பெங்களூரு - சென்னை விரைவுச்சாலைக்கு 2022 மே 26 அன்று சென்னையில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். 262 கிலோமீட்டர், 14,870 கோடி ரூபாய். ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் வழியாக வருகிறது. அங்கே நிலம் எடுத்தாகிவிட்டது. பணம் யாருக்குப் போனது என்று கேட்க இன்னும் நேரம் இருக்கிறது. வாசிக்கும் தோழர்களில் சட்டம் படிப்பவர்கள் உண்டு, சமூகப் பணி படிப்பவர்கள் உண்டு, சும்மா இருப்பவர்களும் உண்டு. பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தந்த மாவட்ட நில எடுப்பு அலுவலகத்துக்கு மனுப் போடுங்கள். எடுக்கப்பட்ட சர்வே எண்களில் பழைய 'அ' பதிவேட்டின்படி பஞ்சமி நிலமாக இருந்தவை எவை, அவற்றுக்கான இழப்பீடு யார் பெயரில் வழங்கப்பட்டது என்று கேளுங்கள். இரண்டாம் அட்டவணைப்படி நிலமற்ற பாதிக்கப்பட்ட குடும்பங்கள் என்று ஊர் வாரியாக எத்தனை பெயர்களைப் பதிந்தீர்கள், அவர்களில் எத்தனை பேருக்கு 5 லட்சமோ மாதத் தொகையோ கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். சுரங்கப்பாதை இடங்களைத் தீர்மானித்த கூட்டக் குறிப்புகளின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். வரும் பதிலை எடுத்துக்கொண்டு அந்தக் காலனிகளுக்குப் போய், பெயர் வாரியாக அங்கேயே வாசித்துக் காட்டுங்கள்.